லீற்றருக்கு எத்தனை ஓடும்?

 

தலைப்பைப் பார்த்ததும், "இது ஆண்கள் சந்தியில் நின்று பேசுகிற பேச்சல்லவா, நமக்கு இதில் என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாகனத்துக்கு ஊற்றும் எண்ணெயின் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. நீங்கள் மீனில் அரைக் கிலோ குறைத்து வாங்கி, பிள்ளையின் புதுச் சப்பாத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட்டு, மிச்சம் பிடித்த காசுதான் அந்தத் தாங்கிக்குள் போகிறது. ஆகவே இந்தக் கேள்வி முதலில் உங்களுடையது. எனக்கு இதை உணர்த்தியது ஒரு தீவும், அங்கே ஒரு வீட்டில் இருந்த ஒரு பழைய கொப்பியும்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். என் தங்கை தன் கணவரோடும் பிள்ளைகளோடும் இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்தாள். மச்சான் நல்ல மனிதர். ஆனால் தம் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். அது கூரை மடங்கும் கார். ஒரு பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை பின்னால் போய் மடிந்துகொள்ளும். அதிலும் டீசல் கார்.

"மச்சான், கேலனுக்கு 60 மைல் ஓடுமென்று கொம்பனிப் புத்தகத்திலேயே போட்டிருக்குது" என்றார்.

நான் பள்ளிக்கூடத்து ஆசிரியன். உடனே கணக்குப் போட்டேன். பிரித்தானியக் கேலன் 4.546 லீற்றர். மைல் என்பது 1.609 கிலோமீற்றர். ஆகவே கேலனுக்கு 60 மைல் என்றால் லீற்றருக்கு 21 கிலோமீற்றர் சொச்சம். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"காக்கா, புத்தகத்தில இருக்கிறது வேற, ரோட்டில இருக்கிறது வேற. எண்ணெய் அடிக்கிற காட்டில பில்லுக் காசு கட்டுறது நான்தானே" என்று அடுப்படியிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். பெண்கள் கணக்குச் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அடுத்த நாள் எல்லோரும் நெடுந்தீவு பார்க்கப் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து படகு. சோளகக் காற்றுக் காலம். படகு ஏறி விழுந்து ஏறி விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. என் மனைவி பிள்ளைகளுக்கு எலுமிச்சங்காயை முகரக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மாவிலித்துறையில் கால் வைத்தபோதுதான் எல்லோருக்கும் முகத்தில் உயிர் வந்தது.

துறையில் எங்களுக்காக ஒரு வண்டி காத்து நின்றது. பழைய ஜப்பான் டீசல் பிக்கப். பின்பக்கத்துப் பெட்டியில் இரண்டு வாங்குகள். பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். மேலே கூரையில்லை, ஆகாயம்தான். பிள்ளைகள் கைதட்டி ஏறினார்கள். தங்கையின் மகன் தகப்பனைப் பார்த்து, "டடா, இதுவும் கூரை இல்லாத டீசல்தானே! எங்கட காரைப் போல" என்றான். மச்சானும் சிரித்துக்கொண்டே சாரதிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வழமையான கேள்வியைக் கேட்டார்.

"அண்ணை, லீற்றருக்கு எத்தனை ஓடும்?"

சாரதிக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். உடனே பதில் சொல்லவில்லை. வண்டியை இரண்டாம் கியருக்கு மாற்றிவிட்டு, "எந்த லீற்றரைக் கேக்கிறியள் தம்பி? யாழ்ப்பாணத்து லீற்றரோ, நெடுந்தீவு லீற்றரோ?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. லீற்றரில் ஊருக்கு ஊர் வித்தியாசமா? அவர் விளக்கினார். அக்கரையில் கானில் டீசலை நிரப்ப வேண்டும். அதைத் துறைக்குக் கொண்டுவர ஒரு கூலி. படகில் ஏற்ற ஒரு கூலி. இங்கே இறக்கி வீட்டுக்குக் கொண்டுவர இன்னொரு கூலி. கடல் கொந்தளித்தால் மூடியோரம் சிந்துவது வேறு. "அங்க ஒரு விலைக்கு வாங்கிற லீற்றர், என்ர தாங்கிக்குள்ள விழேக்க வேற விலை. சோளகத்தில ஒரு கணக்கு, வாடையில ஒரு கணக்கு. கிலோமீற்றரை மட்டும் வச்சு நான் என்ன செய்ய?"

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம். பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், பனங்கூடல், ஒல்லாந்தர் கால இடிபாடுகள், தீவின் தெற்கே வெட்டவெளியில் மேயும் காட்டுக் குதிரைகள், அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கு மரம். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி மீண்டும் துறைக்கு வர 20 கிலோமீற்றர்கூட ஓடுவதில்லை. ஆனால் அந்தச் சிறிய ஓட்டம்தான் எண்ணெயைக் குடிக்கும் ஓட்டம். கல்லும் குழியுமான பாதையில் முதலாம், இரண்டாம் கியரைவிட்டு மேலே போக முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர் பாரம். இஞ்சின் சூடாகி வரும்போது நிறுத்தம் வந்துவிடும்.

குதிரைகள் நின்ற வெளிக்கு வந்ததும் அவர் இஞ்சினை முழுமையாக நிறுத்தினார். திடீரென்று காற்றின் ஓசை மட்டும் கேட்டது. குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டன.

"முந்தி நிப்பாட்ட மாட்டன், மௌலவி" என்றார் என்னிடம். "வாறவையள் பாட்டுப் போடச் சொல்லுவினம். பற்றரி இறங்கிப் போயிடுமெண்டு இஞ்சினை ஓடவிட்டபடியே நிப்பன். இப்ப நிப்பாட்டிப் போடுவன். அது மனிசியின்ர சட்டம்."

அந்தச் சட்டத்தின் கதையை அவர் வீட்டில் கேட்டோம். பெருக்கு மர நிழலருகே லுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பிய எங்களைத் தேநீருக்கு அழைத்தார். பனங்கட்டியோடு வெறும் தேநீர். எங்கள் சாப்பாட்டை நாங்கள் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அந்த அம்மா கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்து, "நல்ல தண்ணி. இங்க கனபேருக்கு இது கிடையாது, பாத்துச் செலவழியுங்கோ" என்றார். ஓடும் ஆற்றங்கரையில் நின்று வுளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறோம். அதை வாழ்ந்து காட்டுகிறவர்கள் தீவு மக்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டீசலும் அங்கே தண்ணீரைப் போன்றதுதான். நெடுந்தீவு நாட்டின் பெரிய மின்கம்பிகளோடு தொடுக்கப்படாத தீவு. ஆகவே மின்சார சபையின் டீசல் ஜெனரேற்றர்களாலேயே வீட்டு விளக்குகள் எரிந்து வந்தன. காற்றாலும் சூரிய ஒளியாலும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் கொடுக்க, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். படகும் டீசல், விளக்கும் டீசல், வண்டியும் டீசல் என்றிருந்த ஊரில் ஒரு லீற்றரின் அருமை வேறு.

2022இல் நாடு முழுவதும் எண்ணெய்க்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், ஜூன் மாத முடிவில் 460 ரூபா. பிறகு ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். நெடுந்தீவுக்குச் சுற்றுலாவும் இல்லை, படகுக்கே டீசல் இல்லாத நாட்களும் உண்டு என்றார் சாரதி. வண்டியை விற்றுவிடத் தீர்மானித்து, வாங்குகிறவரோடு விலையும் பேசியாயிற்று.

"அப்பதான் இவ கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தா" என்று மனைவியைக் காட்டினார்.

அந்த அம்மா வெட்கத்தோடு கொப்பியைக் கொண்டுவந்தார். சாதாரண பள்ளிக்கூடக் கொப்பி. ஒரு பக்கத்தில் திகதி, மீற்றர் காட்டிய எண், ஊற்றிய லீற்றர். மறுபக்கத்தில் கான் கூலி, படகுக் கூலி, இறக்குகூலி. அவர் பார்த்த கணக்கு இதுதான். பத்துப் பயணம், 186 கிலோமீற்றர், 27 லீற்றர். அதாவது லீற்றருக்கு 7 கிலோமீற்றர்கூட இல்லை. வண்டியை விற்றவர் சொன்னது 12.

"வண்டியை விக்கிறதுக்கு முந்தி, நிக்கிற நேரம் இஞ்சினை நிப்பாட்டிப் பாருங்கோ, ரயருக்குக் காத்தைச் சரியா அடிச்சுப் பாருங்கோ எண்டு சொன்னன்" என்றார் அந்த அம்மா. "குதிரையடியில அரை மணித்தியாலம், கோட்டையடியில அரை மணித்தியாலம், பெருக்கு மரத்தடியில இன்னொண்டு. அந்த நேரமெல்லாம் வண்டி ஓடேல்லை, எண்ணெய் ஓடினதுதானே?"

விலை பேசியவரிடம் தவணை கேட்டுக்கொண்டு, கிடைத்த பயணங்களில் அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். அதே தொகைப் பயணம், அதே 186 கிலோமீற்றர் அளவு. டீசல் 22 லீற்றர். லீற்றருக்கு எட்டரை. ஒரு சதமும் செலவழிக்காமல் பத்துப் பயணத்துக்கு 5 லீற்றர் மிச்சம். 460 ரூபாப்படி பார்த்தால் 2,300 ரூபா. தீவின் கூலிகளையும் சேர்த்தால் இன்னும் கூட. வண்டி விற்கப்படவில்லை. நாங்கள் ஏறி வந்தது அந்த வண்டியில்தான்.

மச்சான் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் படகில் அவராகவே வாயைத் திறந்தார். "மச்சான், உண்மையைச் சொன்னா, என்ர காரில உள்ள திரை 50 எண்டு காட்டும். நான் ஒருக்கா முழுத் தாங்கிக் கணக்குப் பாத்தனான். 45தான் வந்தது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கேலனுக்கு 45 மைல் என்றால் லீற்றருக்கு 16 கிலோமீற்றர். புத்தகம் சொன்ன 21 எங்கே, 16 எங்கே?

சகோதரிகளே, இதில் கொம்பனிக்காரர் எழுதியது பச்சைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண் எப்படி வருகிறது என்பதை அறிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும். காரை வீதியில் ஓட்டி அதை எடுப்பதில்லை. அறைக்குள் உருளைகளின் மேல் சக்கரங்களை வைத்துச் சுழலவிட்டு எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் நீண்ட காலம் இருந்த சோதனை 20 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். தூரம் 11 கிலோமீற்றர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றருக்கும் குறைவு. ஏசி போடுவதில்லை. ஏற்றமில்லை, மழையில்லை, பின்னால் சண்டைபிடிக்கும் பிள்ளைகளில்லை. 2001ஆம் ஆண்டளவில் சோதனை எண்ணுக்கும் வீதியில் உண்மையாகப் போகும் எண்ணெய்க்கும் இடைவெளி நூற்றுக்கு 9 அளவில் இருந்தது. 2015இல் அது நூற்றுக்கு 40 ஐத் தாண்டியதாக ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. பிறகு 2017 செப்டம்பரிலிருந்து புதிய சோதனை முறை வந்தது. 30 நிமிடம், 23 கிலோமீற்றர், உச்ச வேகம் 131. இது உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. ஆனாலும் சோதனை சோதனைதான். மச்சானின் கார் பழைய சோதனையின் பிள்ளை.

கூரை மடங்கும் டீசல் காருக்கு வேறு இரண்டு விடயங்களும் உண்டு. டீசல் இயல்பாகவே சிக்கனமானது. ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் சக்தி கூடுதல். டீசல் இஞ்சின் காற்றை மிக இறுக்கமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிப்பதால் வீணாகும் சக்தியும் குறைவு. அதனால்தான் 1990களில் வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் கூரை மடங்கும் காரில்கூட 1.9 லீற்றர் டீசல் இஞ்சினை வைத்து விற்றார்கள். நம் பக்கத்தில் இந்தியாவின் மஹிந்திரா தார் வண்டி, 2020இல் புதிய வடிவில் வந்தபோது, துணிக்கூரையும் 2.2 லீற்றர் டீசலுமாகக் கிடைத்தது.

ஆனால் கூரையை எடுத்தால் பாரம் குறையுமென்று நினைக்காதீர்கள். மூடியில்லாத அட்டைப் பெட்டியைக் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். மூடியைப் போட்டு முறுக்குங்கள், இறுகி நிற்கும். காரும் அப்படித்தான். கூரையை வெட்டிவிட்டால் அடித்தளத்துக்கு இரும்பு கூட்டிப் பலப்படுத்த வேண்டும். கூரையை மடிக்கும் மோட்டார் வேறு. ஆகவே இத்தகைய கார் அதன் கூரையுள்ள உடன்பிறப்பைவிடப் பெரும்பாலும் பாரம் கூடியது.

அடுத்தது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். நெடுந்தீவில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் வண்டிக்குக் கூரை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, எண்ணெய்க் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. இங்கிலாந்தின் பெருந்தெருவில் மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்கு அந்தத் தடை ஏறத்தாழ 14 மடங்கு. அந்த வேகத்தில் கூரையையும் திறந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து சுழன்று பின்னுக்கு இழுக்கும். மச்சான் வார நாட்களில் இரண்டு மைல் தூரத்திலுள்ள கடைக்குப் போய்வருகிறார். வார இறுதியில் கூரையைத் திறந்து பெருந்தெருவில் பறக்கிறார். முதலாவதில் இஞ்சின் சூடாவதற்குள் ஓட்டம் முடிகிறது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடியும் இப்படிச் சிறு ஓட்டங்களில் அடைத்துக்கொள்ளும். அதை எரித்துச் சுத்தமாக்க இஞ்சின் மேலும் எண்ணெய் செலவழிக்கும். இரண்டாவதில் காற்று பிடித்து இழுக்கிறது. 60 எப்படி 45 ஆனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதுவரை மச்சானின் கணக்கையும் சாரதியின் கணக்கையும் சொன்னேன். இனி என் கணக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியதற்கும் பொருளில்லை.

எங்கள் வாப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். பழைய ஒஸ்ரின் ஏ40. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, அவரும் மற்றவர்களைப் போல மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார். இஞ்சினைக் கிளப்ப மட்டும் ஒரு சிறிய போத்தலில் பெற்றோல். அதை மருந்தைப் போலச் சொட்டுச் சொட்டாக விடுவார். அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டோம். எனக்கு அப்போது பத்து வயது. கார் வாசலில் நின்றது. வாப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். புத்தளத்து அகதி முகாமில் நெடுங்காலம் அந்தச் சாவி அவரிடம் இருந்தது. காரை நாங்கள் மீண்டும் காணவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் ஆசிரியனாக யாழ்ப்பாணம் திரும்பினேன். அதே தெரு, திருத்திக் கட்டிய அதே வீடு. அந்த வாசலில் மீண்டும் ஒரு கார் நிற்க வேண்டுமென்ற ஆசை எனக்குள் நெடுநாள் இருந்தது. 2019 நவம்பரில் சேமித்த பணத்தோடு உறவினரிடம் வட்டியில்லாக் கைமாற்றும் வாங்கி ஒரு பழைய டீசல் காரை வாங்கினேன். விற்றவர், "மௌலவி, கண்ணை மூடிக்கொண்டு எடுங்க. லீற்றருக்கு 18" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

மூன்றாம் மாதமே மனைவி சொன்னாள். "இஞ்ச பாருங்க, 18 இல்லை. 11தான் வருது." மகளின் பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். நான் டீசலுக்குக் காசு கேட்கும்போதெல்லாம் தொகையைக் குறித்து, மகளை அனுப்பி மீற்றரில் உள்ள எண்ணைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுப்படிக் கணக்கோட நில்லு. வாகனத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

அவள் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

மாதம் 900 கிலோமீற்றர் ஓடினேன். 18 ஓடியிருந்தால் 50 லீற்றர் போதும். 11 என்பதால் 82 லீற்றர் போனது. மாதம் 32 லீற்றர் கூடுதல். அப்போதைய 104 ரூபா விலைக்கே 3,328 ரூபா. 2021 பெப்ரவரியில் கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தவணை வந்தது. கையில் காசில்லை. மனைவி தன் உம்மா போட்டுவிட்ட மெல்லிய வளையலைக் கழற்றி விற்று 60,000 ரூபாவைக் கொண்டுவந்து தந்தாள். நானும் அதை வாங்கிக்கொண்டேன். 2022இல் விலை ஏறியபோது காரையும் விற்றேன். விற்கும்போது பார்த்த மெக்கானிக், "ஒரு சக்கரத்தில பிரேக் பிடிச்சபடி ஓடியிருக்குது, எண்ணெய்க் குழாயில கசிவு, காத்து வடி அடைச்சுப்போய்க் கிடக்குது. கன காலமா இப்பிடி ஓடியிருக்குதே, ஒருத்தரும் கவனிக்கேல்லையா?" என்றார். கவனித்தவள் வீட்டுக்குள் இருந்தாள்.

நெடுந்தீவிலிருந்து வந்த இரவு, அந்தக் கணிதக் கொப்பியைத் தேடி எடுத்துத் தரும்படி மனைவியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துவந்து தந்தாள். இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். ஊரடங்கில் ஓடாத மாதங்களைக் கழித்தால் 20 மாத ஓட்டம். மாதம் 32 லீற்றர்ப்படி 640 லீற்றர். லீற்றர் 110 ரூபாவென்று சராசரி வைத்தாலும் 70,400 ரூபா. வளையல் போனது 60,000க்கு.

ஒன்றும் பேச முடியவில்லை. நிறுவையிலும் அளவையிலும் குறைப்பவனைப் பற்றி எத்தனை முறை வகுப்பில் படிப்பித்திருக்கிறேன்! சரியாக அளந்த ஒருத்தியின் கணக்கைக் கேட்க மறுத்ததும் அதற்கு நெருங்கிய குற்றம்தானே? அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க. அந்தக் குழாயை முதல் மாதமே பாத்திருந்தாக் காரும் இருந்திருக்கும்" என்றாள். என் பெருமை எவ்வளவு போனது என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணெயை மட்டும்தான் சேர்த்தாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ காரோ எது இருந்தாலும், இந்தக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பெரிய படிப்புத் தேவையில்லை.

தாங்கியை முழுமையாக நிரப்பச் சொல்லுங்கள். பம்பு தானாக நிற்கும் இடம்தான் அளவு, அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். மீற்றரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல ஓடட்டும். அடுத்த முறை அதே நிலையத்தில் அதேபோல நிரப்பி, எத்தனை லீற்றர் பிடித்தது என்று எழுதுங்கள். இடையில் ஓடிய கிலோமீற்றரை அந்த லீற்றரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வண்டியின் உண்மை எண். ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

அந்த எண் திடீரென்று குறைந்தால் வண்டி ஏதோ நோவைச் சொல்கிறது என்று பொருள். முதலில் ரயரின் காற்றைப் பாருங்கள். காற்று வடியைத் தட்டிப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலிலும் கடை வாசலிலும் காத்து நிற்கும்போது இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, ஓடும் வண்டியில் இஞ்சினை நிறுத்த ஒருபோதும் விடாதீர்கள். பிரேக்கும் ஸ்ரியரிங்கும் இறுகி உயிருக்கே ஆபத்தாகும். வேறொருவரின் வண்டியை வாங்கப் போகும்போது, "எத்தனை ஓடும்?" என்று மட்டும் கேட்காமல், "எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

கணவன்மார் யாராவது இந்தப் பக்கத்தை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொம்பனிப் புத்தகத்தை நம்பினோம், விற்றவர் சொன்னதை நம்பினோம், காருக்குள் மின்னும் திரையை நம்பினோம். நம் வீட்டுக் கொப்பியையும் ஒரு முறை திறந்து பார்ப்போமே.

மச்சான் குடும்பம் ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்தில் தங்கை தொலைபேசியில் பேசினாள். "காக்கா, இப்ப நான் கொப்பி போட்டிருக்கிறன். கடைக்கு நடந்து போறம். போன தாங்கி 49 வந்தது" என்றாள். பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது: "கூரையை மூடிக்கொண்டு ஓடினபடியால்தான்!"

இருக்கட்டும். சரியான கணக்கு வந்தால் போதும். அல்லாஹ் நம் வீடுகளில் வீண் செலவை நீக்கி, இருப்பதில் பறக்கத்தைத் தருவானாக. ஆமீன்.